நூலகங்களில் ‘இம்மாதச் சிறப்பு’ என்று நூல்களைத் தனி மேசையில் வைப்பதால் யாருக்காவது பயன் உண்டா?

கேள்வி அனுப்பியவரின் ஊர்க் கிளை நூலகத்தில் தலைவர்கள் பிறந்தநாள், புற்றுநோய் விழிப்புணர்வு மாதம், நூலக வாரம் என்று மாறி மாறி ஒரு மேசையில் நூல்களை அடுக்குகிறார்கள். யாரும் தொடுவதாகத் தெரியவில்லை. மேலதிகாரிக்குப் புகைப்படம் அனுப்புவதற்கான ஏற்பாடுதானா இது என்று அவர் கேட்டிருக்கிறார்.

பாதி அதுதான். காவிரிக் கரையோர ஊர் ஒன்றில் கிளை நூலகராக இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் ஒப்புக்கொள்கிறேன். ஒரு படம், ஒரு மாலை, அதற்கு முன் விசிறிபோல விரித்த ஆறு நூல்கள். புகைப்படம் எடுத்து முடித்ததும் நூல்கள் பீரோவுக்குள் போய்விடும், சாவி என் சட்டைப் பையில். பல ஆண்டுகள் நானும் இதைத்தான் செய்தேன். மற்றொரு பாதி உண்டு என்று தெரிந்துகொள்ள எனக்குப் பணிக்காலத்தில் சரிபாதி கழிந்துவிட்டது.

நூலகத்தில் ஒரு நூலுக்கு ஓர் இடம்தான் உண்டு. மார்பகப் புற்றுநோயைப் பற்றி ஒருவர் தேடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். நூல்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டு அடுக்கும் டூயி பகுப்பு முறைப்படி மருத்துவ நூல் 616இல் இருக்கும். அடையாறு புற்றுநோய் மருத்துவமனையை 1954இல் தொடங்கிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் வாழ்க்கை வரலாறு 920இல், அறையின் எதிர்ச்சுவரில் இருக்கும். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்ததுதான் அவரை அந்தப் பணிக்குத் தள்ளியது என்பது அங்கே போய் எடுத்துப் படித்தவருக்கே தெரியும். நோயாளியை மையமாக வைத்த நாவலோ 894.811இல், ஆயிரம் தமிழ் நாவல்களுக்கு நடுவே கிடக்கும். இந்த மூன்றையும் ஒருவர் கையில் சேர்த்துக் கொடுக்க எந்தப் பகுப்பு எண்ணாலும் முடியாது, ஒரு மேசையால் முடியும். ‘ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர்’ என்று, இந்திய நூலகவியலின் தந்தை எனப்படும் சீர்காழிக்காரரான எஸ். ஆர். ரங்கநாதன் 1931இல் எழுதிய ஐந்து நூலக விதிகளில் மூன்றாவதைப் பயிற்சிக் காலத்தில் மனப்பாடம் செய்திருந்தேன். அதன் பொருள் விளங்கியது, ஒரு நூலின் தேதிச் சீட்டைப் புரட்டி 1998க்குப் பிறகு முத்திரையே விழவில்லை என்று பார்த்த நாளில்தான்.

மேசை போட்டால் மட்டும் போதாது. அக்டோபர் மாதத்தில் அந்தப் புற்றுநோய் நூல்களை வாசலுக்கு நேர் எதிரே வைத்தேன். மூன்று வாரம் ஒரு நூல்கூட அசையவில்லை. ஊருக்கே தெரிந்த முகங்கள் நாளிதழ் படிக்க உட்கார்ந்திருக்கும் இடம் அது. அவர்கள் கண்ணெதிரே அந்த நூலைக் கையில் எடுத்தால், வீட்டில் யாருக்கு என்ன என்று மாலைக்குள் தெருவெல்லாம் பேச்சாகிவிடாதா? எனக்கு இது உறைக்கவில்லை. எங்கள் துப்புரவுப் பணியாளர் அம்மாதான் சொன்னார்: “இதைப் பெண்கள் பகுதிக்குப் பின்னால் போடுங்கள் ஐயா, இங்கே எவள் எடுப்பாள்?” மேசையைத் தூக்கி அங்கே போட்டோம். அந்த வாரமே நான்கு நூல்கள் இரவலுக்குப் போயின. ஒன்று திரும்பி வரவே இல்லை. நினைவூட்டல் அனுப்பவும் எனக்கு மனம் வரவில்லை. தற்கொலைத் தடுப்பு நாளான செப்டம்பர் 10, ஆட்டிசம் விழிப்புணர்வு நாளான ஏப்ரல் 2 ஆகியவற்றுக்கும் பிறகு இதே வழியைத்தான் பின்பற்றினேன். உங்கள் நூலகத்தில் யாரும் தொடவில்லை என்றால், மேசை எங்கே இருக்கிறது என்பதை முதலில் பாருங்கள்.

நடப்பு நிகழ்வுகளில் எனக்கு மறக்க முடியாதது 2023 ஆகஸ்டு. சந்திரயான்-3 நிலவை நெருங்கிக்கொண்டிருந்தது. திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர் என்று நாளிதழ்கள் எழுதியதும் பிள்ளைகள் கூட்டமாக வந்துவிட்டார்கள். எங்களிடம் விண்வெளி பற்றிப் புதிய நூல் ஒன்றுகூட இல்லை. அடித்தட்டில் தேடியபோது, மாஸ்கோவில் அச்சாகி நியூ செஞ்சுரி புத்தக நிறுவனம் வழியாக வந்த பழைய சோவியத் மொழிபெயர்ப்புகள் இரண்டு கிடைத்தன. அந்தக் கெட்டி அட்டையும் தாளின் வாசனையும் என் வயதுக்காரர்களுக்குத் தெரியும். வேறு வழியில்லாமல் தூசி தட்டி அவற்றை மேசையில் வைத்தேன். 1966இல் சோவியத் கலமான லூனா-9 நிலவில் மெதுவாகத் தரையிறங்கிய கதை அவற்றில் ஒன்றில் பெருமையாக எழுதியிருந்தது. ஆகஸ்டு 19ஆம் தேதி ரஷ்யாவின் லூனா-25 நிலவில் மோதி நொறுங்கியது. அதற்குப் பிறகு ஒரு நாள் எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் அந்த நூலைத் தூக்கிக்கொண்டு என் மேசைக்கு வந்தான். “சார், அப்போதே இறங்கத் தெரிந்தவர்கள் இப்போது ஏன் விழுந்தார்கள்?”

பதில் அந்த நூலிலும் இல்லை, என்னிடமும் இல்லை. அன்றைய நாளிதழ்களை எடுத்துக் கொடுத்தேன். 23ஆம் தேதி மாலை 6 மணி 4 நிமிடத்துக்கு நம் கலம் இறங்கிய பிறகும் அவன் வந்துகொண்டே இருந்தான். புதிய நூல் வாங்கப் பணம் வரட்டும் என்று காத்திருந்தால் அந்தக் கேள்வி பிறந்திருக்காது. நடப்பு நிகழ்வுக்குப் புது நூல் வேண்டும் என்று நினைப்பது பாதிதான் சரி; பழைய நூலைச் சரியான நாளில் வைத்தால் அது வேறு நூலாகிவிடுகிறது. அதே ஆண்டு ஐ.நா. அறிவித்த சிறுதானிய ஆண்டு. அதற்கும் இப்படித்தான், வேளாண்மைத் தட்டில் தூங்கிய ஒரு வரகு, சாமை சாகுபடி நூலைச் சமையல் நூல்களோடு சேர்த்து வைத்தேன். இரண்டு சர்க்கரை நோயாளிகளும் ஒரு விவசாயியும் அதற்காகச் சண்டை போடாத குறை.

அடுத்து, தேதி. எல்லோரும் செய்யும் பிழை, அந்த நாளன்று மேசையை வைப்பது. பாரதியார் நினைவு நாள் செப்டம்பர் 11. 10ஆம் தேதி மாலை பேச்சுப் போட்டிக்கு ‘ஒரு பக்கம் மட்டும் போதும் சார்’ என்று பிள்ளைகள் ஓடி வருவார்கள். அதற்கு மறுநாள் படத்துக்கு மாலை போட்டு நூல்களை வைத்து யாருக்கு என்ன பயன்? ஆகஸ்டு கடைசி வாரத்திலேயே வைத்தால் ஒன்றிரண்டு பேராவது கவிதையைப் படித்துவிட்டுப் பேசுவார்கள். காமராஜர் பிறந்தநாளான ஜூலை 15க்குப் பள்ளிகளில் போட்டிகள் நடக்கும் என்பதால் ஜூனிலேயே மேசை தயார். பஞ்சாங்கத்தைப் பார்ப்பதைவிடப் பள்ளி நாட்காட்டியைப் பார்ப்பது நல்லது. இன்னும் சொன்னால், எங்கள் ஊரில் மிக அதிகமாக நூல் நகர்ந்த மேசைகள் எந்தத் தலைவருக்கும் உரியவை அல்ல. பிளஸ் டூ முடிவு வரும் வாரத்தில் ‘அடுத்து என்ன படிக்கலாம்’, மழைக்காலத்தில் டெங்கு, போட்டித் தேர்வு அறிவிப்பு வந்த மறுநாள் அதற்கான பாடங்கள். இவற்றுக்கு மாலையும் தேவையில்லை, புகைப்படமும் யாரும் கேட்டதில்லை.

ஒரு வேடிக்கை: ரங்கநாதன் பிறந்தநாளான ஆகஸ்டு 12ஐ நாடு நூலகர் தினமாகக் கொண்டாடுகிறது. அன்று நாங்கள் எல்லோரும் விழாவுக்குப் போய்விடுவோம். ஆகவே நூலகத் தந்தைக்கு மட்டும் எங்கள் ஊரில் மேசை போடப்பட்டதே இல்லை.

இடைஞ்சலும் உண்டு. தேர்தல் நேரத்தில் மேசையில் எந்தக் கட்சித் தலைவரின் நூல் எத்தனை என்று எண்ணிப் பார்க்கவே சிலர் வருவார்கள். ஒரு முறை இருவர் ஒரே நாளில், எதிரெதிர்க் காரணங்களுக்காக என்னிடம் சண்டைக்கு வந்தார்கள். அதன் பிறகு அந்த மாதங்களில் அரசியல் சட்டம், வாக்களிக்கும் முறை, ஊராட்சி நிர்வாகம் என்று மட்டும் வைத்தேன். கோழைத்தனம் என்று வாசகர் வட்ட நண்பர் ஒருவர் சொன்னார். இருக்கலாம். நூலகத்தை மூடச் சொல்லாதவரை எனக்கு அது போதுமானதாக இருந்தது.

கேட்டவருக்கு ஒன்று. நீங்கள் கட்டும் சொத்து வரியோடு நூற்றுக்குப் பத்து ரூபாய் நூலக வரியும் சேர்ந்தே போகிறது. 1948இல் சென்னை மாகாணம் விடுதலை பெற்ற இந்தியாவிலேயே முதலாவதாகக் கொண்டுவந்த பொது நூலகச் சட்டத்தின் ஏற்பாடு அது. ஆகவே தயங்காமல் உங்கள் நூலகரிடம் போய், அடுத்த மாதம் இந்தப் பொருளில் மேசை போடுங்கள் என்று கேட்கலாம். முறைத்தால் வாசகர் வட்டத்தில் சேர்ந்துகொண்டு கேளுங்கள். பெரும்பாலும் முறைக்க மாட்டார். என்ன வைப்பது என்று தெரியாமல் முழித்துக்கொண்டுதான் இருப்பார்.

அப்படி மேசை போடும்போது அவரிடம் ஒரு தந்திரத்தையும் சொல்லுங்கள். அழகாக அடுக்கியதைக் கலைக்க நம்மவர்களுக்குக் கூச்சம். கோயில் கொலுவைப் போலத் தள்ளி நின்று பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். அதனால் காலையில் நூல்களை அடுக்கி முடித்ததும், நடுவிலிருந்து இரண்டை நானே உருவி என் மேசை இழுப்பறையில் போட்டுவிடுவேன்.