யோசிக்காதே என்றால் யோசனை போய்விடுமா? (கேள்வி-பதில்)

எங்கள் யாழ்ப்பாணத்தில் 'யோசனை' என்ற சொல்லுக்கு இரண்டு வேலை. "நல்ல யோசனை" என்றால் திட்டம். "அவவுக்கு ஒரே யோசனை" என்றால் கவலை. இந்த முறை வாசகர்களிடமிருந்து வந்த கேள்விகள் எல்லாம் இரண்டாவது வகை. ஆட்களை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

மகன் கனடாவில். இரவு எட்டு மணிக்கு வட்ஸ்அப்பில் எடுப்பேன், செய்தியும் போடுவேன். பார்த்துவிட்டான் என்று நீலச் சரி விழும், ஆனால் பதில் வராது. ஏதோ நடந்துவிட்டது என்று நெஞ்சு பதறும். பிறகு, மருமகள்தான் கதைக்க விடுகிறாள் இல்லை என்று தோன்றும். எல்லோரும் "யோசிக்காதேங்கோ" என்கிறார்கள். முடியவில்லை. (சாவகச்சேரி)

முடியாதுதான், அம்மா. 1987இல் டானியல் வெக்னர் என்ற அமெரிக்க உளவியலாளர் சிலரிடம், வெள்ளைக் கரடியை மட்டும் நினைக்காதீர்கள், நினைத்தால் மணியை அடியுங்கள் என்றார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. யோசிக்காதே என்ற புத்திமதியும் அப்படித்தான்.

யோசனையைத் துரத்தாமல், பிடித்து இருத்தி விசாரியுங்கள். பழைய கொப்பி ஒன்றில் கோடு கீறி மூன்று நிரல் ஆக்குங்கள். முதலாவதில் நடந்தது மட்டும்: "எட்டு மணிக்கு எடுத்தேன். பதில் இல்லை." இரண்டாவதில் மனம் சொன்னது: "விபத்து", "மருமகள் தடுக்கிறாள்". இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினால் ஒன்று தெரியும். விபத்தில் கிடக்கிறவனை மருமகள் தடுக்கத் தேவையில்லை! ஒரே மனம் பத்து நிமிடத்துக்குள் ஒன்றுக்கொன்று ஒத்துவராத இரண்டு கதை சொல்லியிருக்கிறது.

மூன்றாவதில், வேறு என்னவாக இருக்கலாம் என்று எழுதுங்கள். மகன் டொரொன்டோவில் என்றால், இங்கே இரவு எட்டு மணி அங்கே கோடையில் காலை பத்தரை, குளிர்காலத்தில் ஒன்பதரை. வேலை நேரம். நீலச் சரி விழுந்தால் ஃபோனைக் கையில் எடுத்திருக்கிறான், அவ்வளவுதான்.

ஆரன் பெக் என்ற மனநல மருத்துவர் 1960களில் தன்னிடம் வந்தவர்களைக் கவனித்தபோது, வாயால் சொல்லும் கதைக்குப் பக்கத்தில் இன்னொரு பேச்சு உள்ளே ஓடுவதைக் கண்டார். தானாக வரும், மின்னல் மாதிரி வரும், வந்தவுடன் உண்மை போலவே இருக்கும். கொப்பி அதைக் கொஞ்சம் மெதுவாக்கும். அப்புறம், மகனிடமே கேட்டு ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு நேரம் பொருத்திக்கொள்ளுங்கள். பாதி யோசனை அதோடு போய்விடும்.

உயர்தரம் உயிரியல் பிரிவு, இரண்டாம் தடவை, 2பி, சி. மருத்துவம் கிடைக்காது. ரியூசனுக்குக் கொட்டின காசெல்லாம் வீண். நான் ஒன்றுக்கும் உதவாதவன். (கொக்குவில்)

தம்பி, நீங்கள் நாலு வசனம் எழுதியிருக்கிறீர்கள். முதல் வசனம் உண்மை. இரண்டாவதும் பெரும்பாலும் உண்மை, அதைப் பூசி மெழுக மாட்டேன். மூன்றாவதில் கொஞ்சம் சறுக்குகிறது. நாலாவது எங்கிருந்து வந்தது? பரீட்சைத் திணைக்களம் உயிரியலுக்கும் இரசாயனவியலுக்கும் பௌதிகவியலுக்கும் புள்ளி போட்டது. 'உதவாதவன்' என்ற பாடத்துக்கு யார் போட்டது?

இதைக் கறுப்பு வெள்ளைப் பார்வை என்போம்: டொக்டர், இல்லையென்றால் பூச்சியம். யாழ்ப்பாணத்தில் இது உங்கள் தலைக்குள் மட்டும் இல்லை, குடும்பம், அயல், ரியூசன் மதில் எல்லாவற்றிலும் எழுதியிருக்கிறது. அதனால் தனியாக அழிப்பது கஷ்டம். ஆனாலும் நடுவில் என்ன இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். பல்கலைக்கழக அனுமதிக்கு மூன்று தடவை எழுதலாம், இன்னும் ஒன்று இருக்கிறது. இங்கேயே கைதடியில் சித்த மருத்துவம், கிளிநொச்சியில் விவசாயம், அதோடு தாதியியல், மருந்தகவியல் படிப்புகள் இருக்கின்றன. எதற்கு எட்டும் என்பதை பல்கலைக்கழக அனுமதிக்கான இசட் வெட்டுப்புள்ளியை வைத்துத்தான் சொல்லலாம், மனநிலையை வைத்து அல்ல.

ஒன்று மட்டும். 'இருந்து என்ன பயன்' என்ற எண்ணம் வருகிறது என்றால் கொப்பியை மூடிவிட்டு இன்றைக்கே ஒருவரிடம் சொல்லுங்கள். 1926 தேசிய உளநல உதவி இலக்கம்.

எப்போதும் நல்லதையே நினைத்தால் போதாதா? (மானிப்பாய்)

போதாது. கூரை ஒழுகும்போது 'நல்ல மழை' என்று சொல்லிக்கொண்டிருப்பது மாதிரி. நாங்கள் தேடுவது இனிப்பான எண்ணத்தை அல்ல, சரியான எண்ணத்தை. கடன் உண்மையாகவே கழுத்தை நெரித்தால் எண்ணத்தைத் திருத்தி என்ன செய்வது? கடனுக்குத்தான் வழி பார்க்க வேண்டும்.

போரால் ஊரே வீட்டை விட்டு ஓடிய 1995 இடப்பெயர்வில் எனக்குப் பதினான்கு வயது. நாவற்குழிப் பக்கம் மழைக்குள் நடந்தது இன்னும் கனவில் வரும். ஹெலி சத்தம் கேட்டால் எழுந்து பின்வளவுக்குப் போய்விடுகிறேன். பிள்ளைகள் சிரிக்கிறார்கள். என் சிந்தனை பிழையா? (சுன்னாகம்)

பிழை இல்லை, ஐயா. சத்தம் கேட்டால் ஓடு என்று உங்கள் உடம்பு படித்த காலத்தில் அது சரியான பாடம். இப்போது சத்தம் அதேதான், காலம்தான் வேறு. உடம்புக்கு அந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை. இதற்குக் கொப்பியும் மூன்று நிரலும் காணாது.

பின்வளவில் நிற்கும்போது காலைத் தரையில் அழுத்தி, கண்ணுக்குத் தெரிகிற ஐந்து பொருளை வாய்விட்டுச் சொல்லுங்கள்: கிணற்றுக்கட்டு, வாழை, சைக்கிள்… உடம்பை இன்றைக்குக் கொண்டுவர அது உதவும். கனவும் பதற்றமும் நித்திரையைக் கெடுத்தால் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலோ யாழ் போதனா வைத்தியசாலையிலோ உளநலப் பிரிவுக்குப் போங்கள். காசு கட்டத் தேவையில்லை. 'விசர்க் கிளினிக்' என்று ஊர் சொல்லும், சொல்லட்டும். பிள்ளைகளையும் ஒருநாள் இருத்தி அந்த இரவைச் சொல்லுங்கள். தெரியாததால்தான் சிரிக்கிறார்கள்.

அப்பா இரவு பத்து மணிக்கு நெஞ்சு பிடிக்கிறது என்றார். வாய்வு என்று நினைத்து உள்ளி தட்டிப் போட்டுப் பால் காய்ச்சிக் கொடுத்தேன். விடியப் போய்விட்டார். மாரடைப்பு. நான்தான் கொன்றேன். (பருத்தித்துறை)

பிள்ளை, உங்கள் கடிதத்தை (இங்கே சுருக்கித்தான் தந்திருக்கிறேன்) இரண்டு தரம் வாசித்தேன்.

விடிய ஆறு மணிக்குத் தெரிந்ததை, இரவு பத்து மணிக்கு இருந்த மகளின் கையில் கொடுத்து அவளை விசாரிக்கிறீர்கள். அவளுக்கு அது தெரியாது. அவளுக்குத் தெரிந்தது, அப்பாவுக்கு முன்பும் வாய்வு வந்தது, பால் குடித்துச் சரியானது என்பது. அந்தப் பத்து மணிக்குத் தெரிந்ததை மட்டும் ஒரு தாளில் எழுதுங்கள். ஒரு வரிகூடப் பின்னால் தெரிந்ததாக இருக்கக் கூடாது.

பிறகு ஒரு வட்டம் கீறுங்கள். அப்பாவின் சாவுக்குக் காரணமான ஒவ்வொன்றுக்கும் ஒரு துண்டு: முப்பது வருடச் சுருட்டு, மருந்து எடுக்காத நீரிழிவு, "டொக்டர் வேண்டாம், படுத்தால் சரி" என்று அவரே சொன்னது. உங்கள் துண்டைக் கடைசியாகக் கீறுங்கள். அதை இல்லையென்று ஆக்கச் சொல்லவில்லை, சொன்னால் நம்ப மாட்டீர்கள். அதன் அளவைத்தான் பார்க்கச் சொல்கிறேன்.

(மற்ற வாசகர்களுக்கு: நெஞ்சு இறுக்கம் சில நிமிடத்துக்கு மேல் நீடித்தாலோ, வியர்த்தாலோ, கைக்கோ தாடைக்கோ பரவினாலோ 1990க்கு எடுங்கள். இலவச அம்புலன்ஸ். உள்ளி பிறகு பார்க்கலாம்.)

ஆட்டைத்திவசம் (முதலாண்டுத் திவசம்) வருகிறது, அண்ணா கொழும்பிலிருந்து வருகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். வட்டத்தை அவரோடு இருந்து கீறுங்கள். பக்கத்தில் இல்லாமல் போனேனே என்று அவரும் தன் துண்டைப் பெரிதாகக் கீறப் பார்ப்பார் என்றுதான் நினைக்கிறேன்.