இரண்டு கேஸ்கட் மாற்றியும் நிற்காத கசிவு

கேள்வி: ஐயா, என்னிடம் 1999-ஆம் ஆண்டு மாஸ்டா எம்எக்ஸ்-5 கார் இருக்கிறது. சென்ற கோடையில் அதன் 1.8 லிட்டர் எஞ்சினுக்கு டர்போ பொருத்தினேன். எஞ்சினைத் தாங்கும் ரப்பர் மவுண்ட் இரண்டையும் பாலியூரித்தேனுக்கு மாற்றி, 3 அங்குல ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் எக்ஸாஸ்டும் போட்டேன். அன்றிலிருந்து சிக்னலில் நிற்கும்போது ஸ்டீயரிங்கும் இருக்கையும் நடுங்குகின்றன. காலையில் எஞ்சினை முடுக்கினால் ‘டிக் டிக்’ என்று ஒலிக்கிறது; சூடேறியதும் அடங்கிவிடுகிறது. கூரையை மூடி ஓட்டினால் புகை நாற்றம் அடிக்கிறது. எஞ்சினின் புகையைத் திரட்டும் மானிபோல்ட்டின் இணைப்பில் கசிவைத் தடுக்கும் கேஸ்கட்டை இரண்டு முறை மாற்றியாகிவிட்டது. மூன்றாவதும் போடச் சொல்கிறார்கள். போடலாமா?
— வாசகர், மார்க்கம், கனடா

பதில்: இப்போதைக்குப் போட வேண்டாம். இரண்டு கேஸ்கட்டைத் தின்ற காரணம் அப்படியே இருக்கும்போது மூன்றாவது மட்டும் எப்படித் தப்பும்? நீங்கள் நடுக்கத்தைத் தனிக் குறையாகவும் கசிவைத் தனிக் குறையாகவும் எழுதியிருக்கிறீர்கள். என் கணிப்பில் முதலாவதுதான் இரண்டாவதைப் பெற்றெடுக்கிறது.

அதற்கு முன் ஓர் அவசரச் செய்தி. உள்ளே நாற்றம் வருகிறது என்றால் கார்பன் மோனாக்சைடும் வருகிறது என்று கொள்ளுங்கள். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. கசிவு அடைபடும்வரை கூரையை மூடி ஓட்டாதீர்கள். பனிக்காலத்தில் கராஜ் கதவைச் சாத்திக்கொண்டு எஞ்சினை ஓடவிடவே கூடாது. இந்தக் காரில் கியர் கம்பியின் அடியில் உள்ள ரப்பர் உறை வயதாகிக் கிழிவது வழக்கம். கன்சோலைக் கழற்றி அதையும் பார்த்துவிடுங்கள். புகை உள்ளே நுழைய அது நல்ல வாசல்.

இனி நடுக்கத்துக்கு வருவோம். எம்எக்ஸ்-5 காரில் கியர்பாக்ஸுக்கென்று தனி மவுண்ட் கிடையாது. கியர்பாக்ஸையும் பின்சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துத் தரும் டிபரன்ஷியலையும் ஒரு நீண்ட அலுமினியச் சட்டம் இணைக்கிறது. முன்னே எஞ்சின் மவுண்ட் இரண்டு, பின்னே டிபரன்ஷியல் மவுண்ட் இரண்டு, ஆக நான்கு புள்ளிகளில்தான் மொத்தமும் உட்கார்ந்திருக்கிறது. நான்கு சிலிண்டர் எஞ்சின் ஒரு சுழற்சிக்கு இரண்டு முறை அதிர்வதால், நிமிடத்துக்கு 900 சுழற்சியில் நிற்கும்போது நொடிக்கு 30 அதிர்வுகள் உண்டாகின்றன. பழைய ரப்பர் விழுங்கிக்கொண்டிருந்த இந்த அதிர்வைக் கடினமான பாலியூரித்தேன் அப்படியே உடலுக்குக் கடத்துகிறது. கூரையில்லாத உடல் என்பதால் கண்ணாடி வரை நடுங்கும். பந்தயத் தளத்துக்கு அது சரி. சாலையில் ஓட்ட, அசலைவிடச் சற்றே கடினமான ரப்பர் மவுண்டே போதும் என்பது என் கருத்து.

நடுக்கம் முழுவதும் மவுண்டால்தானா என்பதையும் சோதியுங்கள். வெறிச்சோடிய சாலையில் 80 கி.மீ. வேகத்தில் கிளட்சை மிதித்து எஞ்சின் சுழற்சியைக் குறையவிடுங்கள். நடுக்கமும் கூடவே குறைந்தால் குறை எஞ்சின் பக்கம். வண்டியின் வேகத்தோடு நீடித்தால் டயர் சமநிலையையோ கியர்பாக்ஸிலிருந்து டிபரன்ஷியலுக்குச் சுழற்சியைக் கொண்டுசெல்லும் புரொப்பெல்லர் ஷாப்டையோ பார்க்க வேண்டும். டர்போவுக்காகக் கிளட்ச் மாற்றியபோது அந்த அலுமினியச் சட்டத்தைக் கழற்றியிருந்தால், திரும்பப் பூட்டும்போது அதன் உயரத்தை அளந்து வைத்தார்களா என்று கேளுங்கள். கண்மதிப்பில் பூட்டினால் ஷாப்டின் கோணம் மாறி நடுக்கம் தரும்.

‘டிக் டிக்’ ஒலிக்கு வால்வு மீதும் பழி போடுவதுண்டு. 1998-க்கு முந்தைய எம்எக்ஸ்-5 கார்களில் எண்ணெய் அழுத்தத்தில் வால்வைத் தள்ளும் ஹைட்ராலிக் லிப்டர்கள் குளிரில் அப்படி ஒலிக்கும். உங்கள் ஆண்டு வண்டியில் அவை இல்லை. ஆகவே சந்தேகம் கசிவின் மீதே விழுகிறது. சூடேறியதும் உலோகம் விரிந்து இடைவெளியை மூடுவதால் ஒலி அடங்குகிறதே தவிர, கசிவு தீர்ந்தது என்று பொருளல்ல. அதைக் கண்டுபிடிக்க, எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது வாக்குவம் கிளீனரின் காற்று வெளிவரும் முனையைச் சைலன்சரின் வாயில் பொருத்தி, இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தெளியுங்கள். நுரை பொங்கும் இடமே கசியும் இடம். கழற்றும்போது பிளாஞ்சில், அதாவது குழாய்கள் பொருந்தும் தட்டை முகப்பில், கரி விசிறிபோல் படிந்திருந்தால் ஐயமே வேண்டாம்.

இப்போது மூல காரணம். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குழாய் 500 டிகிரி செல்சியஸ் சூடேறினால் ஒரு மீட்டருக்கு ஏறத்தாழ 8.5 மி.மீ. நீள்கிறது. குழாயின் நடுவில் வளைந்துகொடுக்கும் பின்னல் இணைப்பு, அதாவது பிளெக்ஸ் பைப், இல்லையென்றால் அந்த நீட்சியும் எஞ்சினின் ஆட்டமும் நெம்புகோல்போல் மானிபோல்ட்டைப் பிடிக்கும் ஸ்டட் எனும் திருகுத் தண்டுகளைத்தான் நெம்பும். நட்டுகள் தளரும், கேஸ்கட் எரியும். ஆகவே டர்போவுக்குப் பின்னால் பிளெக்ஸ் பைப் வையுங்கள். டர்போவிலிருந்து இறங்கும் குழாயைக் கியர்பாக்ஸ் உடலோடு ஒரு பிராக்கெட்டால் பிடியுங்கள். எஞ்சினோடு சேர்ந்து ஆடும் பகுதியோடு பிடிப்பதுதான் இதில் சூட்சுமம். அதற்குப் பின்னுள்ள குழாயை ரப்பர் ஹேங்கர்களில் தொங்கவிடுங்கள்.

பிறகு கேஸ்கட். பிளாஞ்சின் மீது நேர்விளிம்பை வைத்து, 0.1 மி.மீ. தடிமனுள்ள பீலர் கேஜ் எனும் அளவுத் தகடு அடியில் நுழைந்தால் இழைத்து மட்டமாக்கச் சொல்லுங்கள். பல அடுக்கு ஸ்டீல் கேஸ்கட்டும், டர்போ பிளாஞ்சுக்கு சூடு தாங்கும் நிக்கல் கலவையான இன்கோனெல் ஸ்டட்களும், ஆப்பு வடிவப் பூட்டு வாஷர்களும் போடுங்கள். சாதாரண ஸ்டட்கள் அந்தச் சூட்டில் இழுபட்டு நீண்டுவிடும். சில நூறு கிலோமீட்டர் ஓடியபின், குளிர்ந்த நிலையில் ஒருமுறை இறுக்கம் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: மானிபோல்ட்டைச் சுற்றிக் கண்ணாடியிழை நாடா கட்டினால் கசிவு நிற்குமா?
— வாசகர், ஈப்போ, மலேசியா

பதில்: நிற்காது, ஒலி சற்று மழுங்குவதால் நின்றதுபோல் தோன்றும், அவ்வளவுதான். நாடா சூட்டை உள்ளேயே அடைத்து மானிபோல்ட்டை மேலும் காயவைப்பதால் வெல்டிங்கில் விரிசல் விழலாம். அந்த விரிசலும் நாடாவுக்குள் மறைந்திருக்கும். அவிழ்த்துவிட்டுச் சோப்புத் தண்ணீர்ச் சோதனையைச் செய்யுங்கள்.