வாசல் வசூல் இல்லாமல் சீசன் ஏது? – கேள்வி பதில்

2020 பெருந்தொற்றின்போது இங்கிலாந்தின் கீழ்நிலைக் கால்பந்து லீக்குகள் தாமதமாகத் தொடங்கியதைப் பற்றி நண்பர்கள் கேட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். இங்கிலாந்துக் கால்பந்து ஓர் ஏணி: பிரீமியர் லீக் முதல் நிலை, எண் கூடக் கூடக் கீழ்ப்படி. பல ஆண்டுகளாகச் சனிக்கிழமை மதியங்களில் ஏழாம் நிலை ஆட்டங்களைக் கம்பி ஓரம் நின்று பார்த்து வருபவன் நான். அந்தப் பாசம் பதில்களில் தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பிரீமியர் லீக் செப்டம்பர் 12 அன்றே தொடங்கிவிட்டது. ஐந்தாம் நிலையான நேஷனல் லீக் மட்டும் ஏன் அக்டோபர் 3 வரை காத்திருந்தது?

பதில்: மேலே இருப்பவர்களுக்குத் தொலைக்காட்சிப் பணம் சோறு போடுகிறது. ஐந்தாம் நிலையில் சோறு போடுவது வாசலில் விற்கும் டிக்கெட்டும், இடைவேளையில் விற்கும் தேநீரும்தான். அக்டோபர் 1 முதல் ரசிகர்களை அனுமதிக்கலாம் என்று அரசு திட்டமிட்டிருந்தது. அதை நம்பித்தான் தொடக்க நாளையே குறித்தார்கள். தொற்று மீண்டும் ஏறியதால் செப்டம்பர் 22 அன்று அந்தத் திட்டத்தை அரசு நிறுத்திவிட்டது. முதல் ஆட்டத்துக்கு இருந்தது பதினொரு நாள். உலை வைத்த பிறகு அரிசி இல்லை என்று சொன்னால் எப்படி இருக்கும்? அரசின் உதவி இல்லாமல் தொடங்க முடியாது என்று சங்கங்கள் (அதாவது கிளப்புகள்) சொல்லிவிட்டன. உதவி உண்டு என்ற உறுதி கிடைத்த பிறகுதான் ரசிகர்கள் இல்லாத மைதானங்களில் ஆட்டம் தொடங்கியது.

கேள்வி: அண்ணா, அதற்கும் கீழே உள்ள அணிகளின் ஆட்டங்களுக்கு அந்த மாதம் ரசிகர்கள் போனார்களே! அது எப்படி?

பதில்: நன்றாகக் கவனித்திருக்கிறீர்கள் தம்பி. என்னை மிகவும் வருத்திய விஷயம் இதுதான். முதல் ஆறு நிலைகளை ‘உயர்மட்ட விளையாட்டு’ என்று அரசு வகைப்படுத்தியது. அந்தப் பெயரால் அவற்றுக்கு ஆடும் உரிமை கிடைத்தது, ரசிகர்கள் கிடைக்கவில்லை. ஏழாம் நிலையிலும் அதற்குக் கீழும் குறிப்பிட்ட எண்ணிக்கைவரை ஆட்களை உள்ளே விடலாம். ஆகவே ஆறாம் நிலைச் சங்கம் பூட்டிய கதவுக்குப் பின்னால் ஆடியது. ஒரு படி கீழே இருந்த எங்கள் ஊர்ச் சங்கத்தில் நான் இடைவெளி விட்டு நின்று கைதட்டினேன். ஆறாம் நிலையிலும் பலர் பகலில் வேறு வேலை பார்த்து மாலையில் பயிற்சிக்கு வருபவர்கள். அவர்களைப் பெரும்பணக்காரர்கள் ஆடும் லீக்கோடு ஒரே பட்டியலில் வைத்தது எந்த வகை நியாயம்? நவம்பர் 5 அன்று இரண்டாம் ஊரடங்கு வந்ததும் நிலைமை தலைகீழானது. மேலே ஆட்டம் தொடர்ந்தது, எங்கள் மைதானம் மூடப்பட்டது.

கேள்வி: உதவித் தொகை எவ்வளவு? ஒழுங்காகப் பங்கிட்டார்களா?

பதில்: நேஷனல் லாட்டரி மூலம் மூன்று மாதங்களுக்கு 1 கோடி பவுண்டு வந்தது. தொகையைக் குறை சொல்ல மாட்டேன். பங்கிட்ட விதத்தில்தான் பிழை. ஐந்தாம் நிலையில் ஏழு சங்கங்களுக்கு மாதம் 95,000 பவுண்டு, மற்றவற்றுக்கு 84,000. ஆயிரக்கணக்கில் கூட்டம் சேரும் சங்கத்தின் இழப்பும் சில நூறு பேர் வரும் சங்கத்தின் இழப்பும் இவ்வளவு அருகருகே இருக்க முடியுமா? இழந்த வாசல் வசூலைக் கணக்கிட்டுக் கொடுத்திருக்க வேண்டும். அடுத்த கட்ட உதவியைக் கடனாகத் தருவோம் என்று 2021 தொடக்கத்தில் சொன்னபோது பல சங்கங்கள் மறுத்தன. பிப்ரவரியில் ஆறாம் நிலை லீக்குகள் இரண்டின் சீசனும் செல்லாது என்று அறிவிக்கப்பட்டது.

கேள்வி: டோவர் அத்லெட்டிக் தண்டிக்கப்பட்டது எதற்காக?

பதில்: ஐந்தாம் நிலைச் சங்கமான அது, பணம் இல்லை என்று ஆட மறுத்ததற்காக. 40,000 பவுண்டு அபராதம், அடுத்த சீசனில் 12 புள்ளி குறைப்பு.

கேள்வி: பாதியில் நின்ற 2019-20 சீசனை எப்படி முடித்தார்கள் ஐயா?

பதில்: நிலைக்கு ஒரு நீதி. மூன்றாம் நிலையில் ஓர் ஆட்டத்துக்கு எத்தனை புள்ளி என்று சராசரி பார்த்தார்கள். டிரான்மியர் ரோவர்ஸ் 34 ஆட்டத்தில் 32 புள்ளி, ஏ.எஃப்.சி. விம்பிள்டன் 35 ஆட்டத்தில் 35. விம்பிள்டனைவிடக் குறைவாக ஆடியிருந்த அந்த ஓர் ஆட்டத்தை ஆடும் வாய்ப்பே இல்லாமல் டிரான்மியர் நான்காம் நிலைக்கு இறங்கியது. ஏழாம் நிலை முதல் கீழே எல்லா முடிவுகளையும் அழித்தார்கள். ஏழாம் நிலையில் 12 புள்ளி முன்னிலையில் இருந்த சவுத் ஷீல்ட்ஸ் மேலே ஏற முடியாமல் அதே நிலையில் நின்றது. இன்னும் கீழே இருந்த ஜெர்சி புல்ஸ், லீக்கில் ஆடிய 27 ஆட்டங்களிலும் வென்ற அணி. அத்தனையும் ஏட்டிலிருந்து போய்விட்டன.

கேள்வி: உங்கள் மனத்தில் நிற்கும் ஆட்டம் எது?

பதில்: சிறு சங்கங்களுக்கான எஃப்.ஏ. வாஸ் கோப்பையின் 2020 இறுதி ஆட்டம். ஓராண்டு தள்ளி 2021 மே 3 அன்று தேசிய மைதானமான வெம்பிளியில் நடந்தது. ஹெப்பர்ன் டவுன், கான்செட் இரண்டும் வடகிழக்கு இங்கிலாந்தின் சிற்றூர் அணிகள். வாழ்நாளில் ஒருமுறை வெம்பிளிக்குப் போகும் ஊர்கள் அவை. ஹெப்பர்ன் 3-2 என்று வென்றது. ஊர்க்காரர்கள் வீட்டிலிருந்து திரையில் பார்த்தார்கள்.