சுவரில் தொங்கிய துப்பாக்கி

கேள்வி: ஜவ்வாது மலையடிவாரத்தில் இருக்கிறோம். காட்டுப்பன்றிக்காக என் கணவர் லைசென்ஸ் வாங்கி ஒற்றைக்குழல் நாட்டுத் துப்பாக்கி வைத்திருக்கிறார். முந்தாநாள் கொழுந்தனார் மகன் (19 வயது) சிநேகிதனுக்குக் காட்ட அதைச் சுவரிலிருந்து எடுத்தான். வெடித்துவிட்டது. வாசலில் நின்ற பக்கத்து வீட்டு அண்ணனுக்குக் கால் எலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் இருக்கிறார். “கம்பி குத்தியதாகச் சொல்லிவிட்டு, பணம் கொடுத்து முடித்துக்கொள்ளலாம்” என்கிறார்கள் ஊர்ப் பெரியவர்கள். வேண்டுமென்றே செய்யவில்லையே, கேஸ் வருமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: வரும், சகோதரி. பையன் மேல் மட்டுமல்ல, உங்கள் கணவர் மேலும் வரலாம்.

முதலில் அந்தக் கம்பிக் கதையை விடுங்கள். எக்ஸ்ரே எடுத்தால் பால்ரஸ் குண்டுகள் வெள்ளைப் பொட்டாகத் தெரிந்துவிடும். டாக்டர் போலீசுக்குத் தகவல் அனுப்புவார். குற்றம் செய்தவரைக் காப்பாற்றப் பொய்த் தகவல் கொடுப்பது பாரதிய நியாய சன்ஹிதா (1860-ன் இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த புதுச் சட்டம்) 238-வது பிரிவின்படி தனிக் குற்றம். இருக்கிற வழக்கு போதாதா?

வேண்டுமென்றே செய்யவில்லை என்பது பெரிய விஷயம்தான். கொலை முயற்சி என்ற பேச்சு அதனால்தான் எழாது. தற்செயல் விபத்துக்குச் சட்டத்தில் விலக்கும் உண்டு (18-வது பிரிவு). கோடரியால் வெட்டும்போது அதன் தலை கழன்று பறந்து பக்கத்தில் நின்றவர் இறந்தால் குற்றமில்லை என்று 1860-லேயே உதாரணம் எழுதிவைத்தார்கள். புதுச் சட்டத்திலும் அது இருக்கிறது. ஆனால் வெட்டியவர் உரிய கவனத்தோடு இருந்திருக்க வேண்டும். உங்களுக்கு இடிப்பது அங்கேதான்.

நாட்டுத் துப்பாக்கியில் வெடிமருந்தையும் பால்ரஸையும் குழல் வாய் வழியாக இடித்துக் கெட்டிக்க வேண்டும். கெட்டித்ததைச் சுட்டுத்தான் காலி செய்வார்கள். ராத்திரி பன்றி வராவிட்டால் அப்படியே கொண்டுவந்து காலண்டருக்குப் பக்கத்தில் மாட்டிவிடுகிறார்கள். காலையில் பார்க்கிற பையனுக்கு அது காலித் துப்பாக்கி. விசாரணையில் விசையைத் தொட்டது யார் என்பதோடு விடமாட்டார்கள். மருந்தோடு பூட்டாமல் மாட்டியது யார் என்றும் கேட்பார்கள்.

எலும்பு முறிவு சட்டப்படி கொடுங்காயம். 125(ஆ) பிரிவில் 3 ஆண்டு வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். கவனமில்லாமல் துப்பாக்கியைப் பயன்படுத்தி ஆபத்து விளைவித்தால் 2 ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று ஆயுதச் சட்டத்தில் 2019-ல் சேர்த்தார்கள். 21 வயது ஆகாதவர் துப்பாக்கி வைத்திருக்கவே கூடாது. ஒரு நிமிடம் கையில் எடுத்தது ‘வைத்திருப்பது’ ஆகுமா என்று வக்கீல் வாதாடலாம், வாதாட வேண்டும். கணவருக்கு லைசென்ஸ் நிபந்தனை மீறல் வழக்கு தனி. லைசென்ஸ் ரத்தாகவும் கூடும்.

பக்கத்து வீட்டுக்காரர் பிழைத்துக்கொண்டது உங்கள் அதிர்ஷ்டமும்கூட. உயிர் போயிருந்தால் 106-வது பிரிவு, 5 ஆண்டு வரை சிறை. கல்யாண வீட்டுக் கூட்டத்தில் சந்தோஷத்துக்குச் சுட்டு ஆள் இறந்த வழக்குகளில் உச்ச நீதிமன்றம் அதைவிடக் கடுமையான பிரிவில் தண்டித்திருக்கிறது. ஆபத்து தெரிந்தே சுட்டால் அது வெறும் கவனக்குறைவு இல்லை.

பணம் கொடுப்பதில் தப்பில்லை, கொடுக்கவும் வேண்டும். அவர் மாதக்கணக்கில் வேலைக்குப் போக முடியாது. ஆனால் வாய்மூடக் கொடுப்பதாக இருக்கக் கூடாது. வைத்தியச் செலவுக்கு என்று எழுதி, ரசீதோடு கொடுங்கள். காயத்துக்கான வழக்கில் நீதிமன்றம் சமாதானத்தை ஏற்க வாய்ப்புண்டு. ஆயுதச் சட்ட வழக்கு ஊர்ப் பஞ்சாயத்தில் முடியாது.

இன்றே லைசென்ஸை எடுத்துப் பாருங்கள். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். காலாவதியாகியிருந்தால் குறைந்தது 2 ஆண்டு சிறைக்கு இடமுள்ள பிரிவு வந்து சேரும். துப்பாக்கியைத் துடைக்காமல், மறைக்காமல், ஒரு வக்கீலோடு போய் ஸ்டேஷனில் நடந்ததைச் சொல்லச் சொல்லுங்கள். வக்கீலுக்கு வழியில்லையென்றால் 15100-க்குப் போன் செய்து மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவைக் கேளுங்கள். பக்கத்து வீட்டு அண்ணனிடமும் அந்த எண்ணைக் கொடுங்கள்.