வெயில் இருக்கிறது, கம்பி எங்கே?

கேள்வி: வியட்நாம், பாகிஸ்தான்கூட சூரிய மின்சாரத்தில் எங்கேயோ போய்விட்டன. எங்கள் பக்கம் வெயிலுக்குப் பஞ்சமே இல்லை. அரசு மனது வைத்தால் அனல்மின் நிலையங்களை நாளைக்கே மூடிவிடலாமே, யார் தடுக்கிறார்கள்?
- ஒரு வாசகர், பாலக்கோடு

பதில்: சூரியன் மாலை ஆறு மணிக்குக் கிளம்பிவிடுகிறார். ஓசூர் ஆலைகளின் இரவு ஷிப்ட் அப்போதுதான் வருகிறது. இது முதல் தடை.

அடுத்தது மின்சாரத்தைக் கொண்டுபோகும் கம்பி. வியட்நாம் அரசு 2017-இல் சூரிய மின்சாரத்துக்கு யூனிட்டுக்கு 9.35 அமெரிக்க சென்ட் தருவதாக அறிவித்தது. 2018-இல் பேருக்கு இருந்த சூரிய மின்சாரம் 2020 முடிவதற்குள் 16,000 மெகாவாட்டைத் தொட்டது. பேனல்கள் பெரும்பாலும் தெற்கிலும் நடுப்பகுதியிலும். கொண்டுபோகக் கம்பி போதாமல், நின் துவான் மாகாணத்தில் உற்பத்தியைக் குறைக்கச் சொன்னார்கள். 2023 கோடையில் வடக்கே அணைகள் வற்றி, கரண்ட் இல்லாமல் ஆலைகள் நின்றன. தெற்கே இருந்ததை வேண்டிய அளவு அனுப்ப வழியில்லை. வடக்கே போகும் புதிய 500 கிலோவோல்ட் பாதை 2024 ஆகஸ்டில்தான் முடிந்தது.

பாகிஸ்தானில் நடந்தது பெரும்பாலும் அரசு மனது வைத்து அல்ல. மின்கட்டணம் தாங்காமல் ஜனங்களே மாடியில் பேனல் மாட்டினார்கள். 2024-இல் மட்டும் சீனாவிலிருந்து சுமார் 17,000 மெகாவாட் அளவுக்குப் பேனல் வந்து இறங்கியது. வசதியுள்ளவருக்கு பில் குறைந்தது. அனல் நிலையங்களுக்கு ஓடினாலும் ஓடாவிட்டாலும் தரவேண்டிய தொகை மட்டும் குறையவில்லை; பேனல் வாங்க முடியாதவர் தலையில் ஏறுகிறது. இதைப் பார்த்தா பொறாமைப்படுகிறீர்கள்?

சரி, உங்கள் ஊருக்கு வருவோம். சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து கரூர் மாவட்டம் புகலூர் வரை 6,000 மெகாவாட் கொண்டுவரும் 800 கிலோவோல்ட் பாதை கிருஷ்ணகிரி, தருமபுரி வழியாகத்தான் போகிறது. வடக்கின் அனல் மின்சாரம் இங்கே வரும். ஆரல்வாய்மொழிப் பக்கத்துக் காற்றாலைகளில் ஆடிக் காற்றில் மிஞ்சும் மின்சாரத்தை அதே கம்பியில் வடக்கே அனுப்பவும் முடியும். ஆக, காற்றாலை மின்சாரத்துக்கும் இந்தக் கோபுரங்கள் வேண்டும்.

வயலில் கோபுரம் வேண்டாம் என்று விவசாயிகள் போராடியதில் நியாயம் இருக்கிறது. சாலையோரம் கேபிளாகப் புதையுங்கள் என்றார்கள். செலவு பல மடங்கு என்று பதில் வந்தது. அதே திட்டத்தில் கேரளாவின் திருச்சூர் பக்கம் கொஞ்ச தூரம் புதைத்துத்தானே போட்டார்கள்! 1885-ஆம் வருஷத்துத் தந்திச் சட்டத்தின் அதிகாரத்தை வைத்து, நிலத்தைக் கையகப்படுத்தாமலே கோபுரம் நட்டுவிட்டுப் போனால் யாருக்குத்தான் கோபம் வராது? 2015 வழிகாட்டுதலில் கோபுரம் நிற்கும் இடத்துக்கு நிலமதிப்பில் 85 சதவீதம் இழப்பீடு. 2024 ஜூனில் மத்திய மின்துறை அதை 200 சதவீதமாக்கியது. முன்பே கோபுரம் நட்டுவிட்ட வயல்களுக்கு மீதி எப்போது என்று உங்கள் எம்.பி.யிடம் கேட்டீர்களா?