“அந்தப் பாடல் ஒலித்தால் எழுந்து போய்விடுகிறேன்”

கேள்வி: பிரிட்டிஷ் பாப் பாடகி சார்லி எக்ஸ்சிஎக்ஸின் முதல் பெரிய ஆல்பமான ‘ட்ரூ ரொமான்ஸ்’ வந்த 2013 முதல் நான் அவருடைய ரசிகன். 2016இல் சோஃபி என்ற இசைத் தயாரிப்பாளருடன் சேர்ந்து ‘வ்ரூம் வ்ரூம்’ என்ற நான்கு பாடல் தொகுப்பை வெளியிட்டார். காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றியது போலிருந்தது. அன்றோடு அவரைக் கேட்பதை விட்டுவிட்டேன். என் தங்கை 2024இல் ‘ப்ராட்’ ஆல்பம் வழியாக வந்தவள். அவளுக்கு ‘வ்ரூம் வ்ரூம்’தான் உயிர். அது ஒலித்தால் நான் எழுந்து போய்விடுகிறேன். “அண்ணா, உன் காதுக்கு வயதாகிவிட்டது” என்றாள். “நல்ல பாடகியைக் கெடுத்ததே அந்த சோஃபிதான்” என்று நானும் சொல்லிவிட்டேன். இரண்டு வாரமாக அவள் என்னிடம் பேசவில்லை. பிடித்ததுபோல் நடிக்கட்டுமா? அல்லது என் ரசனைதான் தேய்ந்துவிட்டதா?

பதில்: அன்பு நண்பரே, நடிக்க வேண்டாம். உங்கள் முகத்தைச் சிறுவயது முதல் பார்த்து வளர்ந்தவள் அவள். ஒரே பாடலில் கண்டுபிடித்துவிடுவாள். நடிப்பு தெரிந்துவிட்டால், அவளைச் சமாதானப்படுத்தக் கையில் பொம்மையைத் திணித்தது போலாகிவிடும். உங்கள் ரசனையும் தேயவில்லை. பாடல் பிடிக்காமல் போனதில் ஒரு தவறும் இல்லை. ஆனால் ‘கெடுத்தது சோஃபிதான்’ என்றீர்களே, அது தவறு. அதை முதலில் பேசிவிடுவோம்.

சோஃபி 2021 ஜனவரி 30 அன்று ஏதென்ஸ் நகரில் தவறி விழுந்து இறந்தார். முழுநிலவைப் பார்க்க ஏறியபோது நடந்த விபத்து. வயது 34. ‘ப்ராட்’ ஆல்பத்தில் ‘ஸோ ஐ’ என்ற பாடல் அவரை நினைத்து எழுதப்பட்டது. பிரமிப்பாலும் தாழ்வுணர்ச்சியாலும் அவரிடமிருந்து விலகியே நின்றுவிட்டோமே என்று சார்லி அதில் வருந்துகிறார். உங்கள் தங்கை இந்த இசைக்குள் நுழைந்த வாசலே அந்த ஆல்பம்தான். சோஃபி உயிருடன் இருந்தபோது அவரை அறிய வாய்ப்பில்லாமல், இழப்பின் வழியாகவே அவரை அறிந்தவள் அவள். அவளிடம் போய் ‘அந்த சோஃபி’ என்றிருக்கிறீர்கள். இரண்டு வாரம் பேசாமல் இருந்ததற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

அந்த வாக்கியம் உண்மையும் அல்ல. ‘ட்ரூ ரொமான்ஸி’ல் நிழல் படிந்த சிந்தசைசர் இசை இருந்தது. அடுத்த ஆண்டு ஒரு காதல் படத்துக்காக ‘பூம் க்ளாப்’ வந்தது. 2014 டிசம்பரில் ‘சக்கர்’ ஆல்பத்தில் கிதார்களைக் கையிலெடுத்தார். ஒன்றுக்கொன்று ஒட்டாத திருப்பங்கள்! அவற்றை ரசித்தீர்கள் என்றுதான் நினைக்கிறேன். விலகியது 2016இல்தான் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்களே. அவரும் சேர்ந்து எழுதி வேறொரு குழுவுக்குப் போன ‘ஐ லவ் இட்’ பாடலின் எழுத்திலேயே கத்தலும் இடியும் இருந்தன. ஆகவே யாரோ வந்து கைபிடித்து இழுத்துப் போகவில்லை. அவர் தேடிப் போனார்.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். பரிசோதனை செய்யும் தயாரிப்பாளரும் பெயர்பெற்ற பாடகரும் சேரும்போதெல்லாம் இது நடக்கிறது. பிரிட்டிஷ் பாடகர் டேவிட் போவியின் ‘லோ’ ஆல்பம் 1977இல் வந்தது. இசைத்தட்டின் இரண்டாம் பக்கத்தில் பெரும்பாலும் சொற்களே இல்லாத இசை. அதை இசைக்கலைஞர் பிரையன் ஈனோ தயாரித்ததாகவே பலர் இன்றும் சொல்கிறார்கள். ஈனோவின் பங்கு பெரியது, ஐயமில்லை. ஆனால் தயாரித்தவர்கள் போவியும் டோனி விஸ்கான்டியும். ஐஸ்லாந்துப் பாடகி ப்யோர்க்கின் கதை எனக்கு இதைவிட அதிகம் வலிக்கிறது. 2015இல் வெளிவந்த ‘வல்னிகூரா’ ஆல்பத்தின் தந்தி வாத்திய அமைப்பை அவரே எழுதினார். தயாரிப்பிலும் பெரும்பங்கு அவருடையது. ஆனாலும் உடன் பணியாற்றிய தயாரிப்பாளர் ஆர்காவே எல்லாம் செய்ததாக எழுதினார்கள். ப்யோர்க் அதைப் பேட்டியிலேயே சொல்லி வருந்தினார். அங்கே பாராட்டு இடம் மாறிப் போனது. உங்கள் வீட்டில் பழி இடம் மாறிப் போயிருக்கிறது. இரண்டிலும் பாடகியின் சொந்த முடிவுதான் காணாமல் போகிறது. பிடிக்காவிட்டால் சார்லியின் முடிவு பிடிக்கவில்லை என்று சொல்லுங்கள். அதுதான் அவருக்குத் தரும் மரியாதை.

உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது வேறொன்று. நீங்கள் இருவரும் கேட்டது ஒரே நான்கு பாடல்களை, ஆனால் எதிரெதிர் திசையிலிருந்து. நீங்கள் ‘பூம் க்ளாப்’பின் விரிந்த பல்லவியோடு காத்திருந்தீர்கள். அதே குரல் இன்னும் உயரமாகப் பறக்கும் என்று எதிர்பார்த்த இடத்தில், ரப்பரைத் தரையில் அறைந்தது போன்ற பேஸ் என்ற தாழ்ந்த ஒலி விழுந்தது. தங்கை ‘ப்ராட்’டின் கரடுமுரடான நடனத் தாளங்களில் பழகிய பிறகு, இந்த ஒலி எங்கே தொடங்கியது என்று பின்னோக்கி நடந்து வந்தவள். உங்களுக்குப் பாதை முறிந்த இடம், அவளுக்கு ஊற்றுக்கண். இதில் காதின் வயதுக்கு என்ன வேலை? அவள் சொன்னதும் நியாயமில்லை. அதை அவளிடம் நான் சொன்னதாகவே சொல்லலாம்.

அன்று முகம் சுளித்தவர் நீங்கள் மட்டும் அல்ல. பிட்ச்ஃபோர்க் என்ற இசை விமர்சன இதழ் ‘வ்ரூம் வ்ரூமு’க்குப் பத்துக்கு 4.5 மதிப்பெண் கொடுத்தது. 2021இல் தன் பழைய மதிப்பெண்கள் சிலவற்றைத் திருத்தியபோது அதே இதழ் 7.8 என்றது. பாடல்களில் ஒரு நொடியும் மாறவில்லை. சுற்றியிருந்த பாப் இசை மாறியிருந்தது. இந்த எண்ணைத் தங்கை ஆயுதமாக எடுத்தால் விட்டுக்கொடுக்காதீர்கள். 7.8 வந்ததால் 2016இல் நீங்கள் கேட்டது பொய்யாகிவிடாது.

ஆனால் அன்று என்ன கேட்டீர்கள் என்பதை மறுபடி ஒருமுறை பார்க்கலாமே. சோஃபி பதிவுசெய்த மேளச் சத்தங்களை எடுத்து ஒட்டுகிறவர் அல்லர். சிந்தசைசரில் வெறும் அலைவடிவங்களிலிருந்து ஒவ்வோர் அடியையும் தானே வார்த்தெடுப்பார். உலோகம் வளைவது, ரப்பர் இழுபடுவது, குமிழி உடைவது என்று பொருள்களாகவே ஒலியை எண்ணினார். ‘வ்ரூம் வ்ரூம்’ பாடலில் இரண்டு அடிகளுக்கு நடுவே கிட்டத்தட்ட ஒன்றுமே இருக்காது. குரலைப் போர்த்த மெத்தென்ற பின்னணி கிடையாது. நீங்கள் நேசித்த குரல் சுவரில்லாத வீட்டில் தனியாக நிற்கிறது. அதனால்தான் உங்களுக்குக் குளிர்ந்தது என்று நினைக்கிறேன். நானும் முதல்முறை பாதியில் நிறுத்தினேன். பிறகு ஒருநாள் ஹெட்போனில் கேட்டபோது, அந்த வெறுமையைத் தாண்டி மெட்டு திடீரென்று இனிமையாகத் திறக்கும் இடம் பிடிபட்டது. முன்னால் இருந்த வறட்சி இல்லாவிட்டால் அந்த இனிமைக்கு இவ்வளவு ருசி இருக்காது. இருந்தும் அதே தொகுப்பின் ‘ட்ராஃபி’ பாடல் இன்றுவரை எனக்கு ஒட்டவில்லை. ஒட்ட வேண்டும் என்று கட்டாயமும் இல்லை.

தங்கையிடம் சோஃபியைப் பற்றிச் சொன்ன வாக்கியத்துக்கு மட்டும் மன்னிப்புக் கேளுங்கள். “பாட்டு பிடிக்கவில்லை, ஆனால் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது” என்றால் போதும். ரசனைக்காக மன்னிப்புக் கேட்டால் அவளே நம்பமாட்டாள். பிறகு, அந்த நான்கு பாடல்களில் தனக்கு மிகவும் பிடித்த ஓர் இடத்தைக் காட்டச் சொல்லுங்கள்; முழுப் பாடல் வேண்டாம், அந்த அரை நிமிடம் போதும். அதில் அவளுக்கு என்ன கேட்கிறது என்று விசாரியுங்கள். அவள் சொல்லி முடிக்கும்வரை உங்கள் கருத்து காத்திருக்கட்டும். பதிலுக்கு ‘ட்ரூ ரொமான்ஸி’லிருந்து ஒரு பாடலை நீங்கள் போடுங்கள். 2013இல் அதைக் கேட்டபோது உங்களுக்கு என்ன நடந்தது என்று சொல்லுங்கள். அவள் அதைக் கேட்டே இருக்கமாட்டாள் என்று நினைக்கிறேன்.

எங்கிருந்து தொடங்குவது என்று அவள் உங்களிடம் விட்டால் ‘பாரடைஸ்’ போடச் சொல்லுங்கள், நான்கில் அதுதான் உங்கள் காதுக்கு மிக அருகில் இருக்கும். ‘ட்ராஃபி’ கடைசியில் வரட்டும். அதற்கு எழுந்து போக வேண்டுமென்று தோன்றினால், தண்ணீர் எடுக்கப் போவதாகச் சொல்லிவிட்டுப் போங்கள், அவளுக்கும் சேர்த்து எடுத்துக்கொண்டு திரும்பி வாருங்கள்.