மியான்மர் ராணுவமும் ஜனநாயகக் கட்சியும் பேசிய கதை: கேள்வி பதில்

கேள்வி: 1990 தேர்தலில் சூச்சி கட்சி ஜெயித்துவிட்டதே, அப்புறம் எதற்குப் பேச்சுவார்த்தை?

பதில்: 485 இடங்களில் 392 ஜெயித்தும் ராணுவம் ஆட்சியைக் கொடுக்கவில்லை. முதலில் அரசியல் சட்டம் எழுத வேண்டும் என்று சொல்லி 1993இல் ஒரு மாநாட்டைக் கூட்டியது. அங்கே எதைப் பேசலாம் என்பதையும் ராணுவமே முடிவு செய்ததால் 1995இல் சூச்சியின் கட்சியான தேசிய ஜனநாயக லீக் வெளியே வந்துவிட்டது. மக்கள் தீர்ப்பு கட்சியிடம், துப்பாக்கி ராணுவத்திடம். பேசுவதைத் தவிர வேறு வழி இல்லை.

கேள்வி: 2000இல் நடந்த ரகசியப் பேச்சில் என்னதான் நடந்தது அண்ணா? கொஞ்சம் விரிவாகச் சொல்லுங்கள்.

பதில்: மலேசியாவின் ரசாலி இஸ்மாயில் ஐ.நா. தூதராக இடையில் இருந்தார். பேச்சு தொடங்கியது 2000 அக்டோபரில், வெளியே தெரிந்தது 2001 ஜனவரியில். சூச்சி அப்போது வீட்டுக்காவலில் இருந்தார், அதாவது அவரைப் பூட்டி வைத்தவர்களேதான் எதிரில் உட்கார்ந்து பேசினார்கள். ஒருவர் தன் கட்சிக்காரர்களைக் கலந்து பேசவே அனுமதி வாங்க வேண்டும், இன்னொருவர் நினைத்த நேரத்தில் எழுந்து போகலாம் என்றால் அந்தப் பேச்சு எவ்வளவு தூரம் போகும்? நம்பிக்கை வளர்ப்பது என்ற முதல் படியையே அது தாண்டவில்லை. கைதிகளைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டார்கள், சில கட்சி அலுவலகங்கள் திறந்தன, 2002 மே 6 அன்று சூச்சியும் விடுதலையானார். அதிகாரத்தை எப்படிப் பகிர்வது என்ற இடத்துக்கு மட்டும் வரவே இல்லை. அடுத்த ஆண்டு மே 30 அன்று தெபயின் என்ற ஊர் அருகே அவருடைய வாகனங்களைக் கும்பல் தாக்கியது. கட்சியினர் கொல்லப்பட்டார்கள், அவர் மறுபடி காவலுக்குப் போனார்.

கேள்வி: ராணுவத் தரப்பின் கின் நியுன்ட் மிதவாதி என்றார்களே?

பதில்: உளவுத்துறைத் தலைவரை மிதவாதி என்று சொல்ல எனக்கு வாய் வராது. பேசத் தயாராக இருந்தார், அவ்வளவுதான். 2003 ஆகஸ்டில் பிரதமராகி ஜனநாயகத்துக்கு ஏழு கட்டத் திட்டம் அறிவித்தவரை 2004 அக்டோபரில் தூக்கிவிட்டார்கள். கடைசி வார்த்தை ‘தான் ஷ்வே’ என்ற ராணுவ ஆட்சித் தலைவருடையதாகவே இருந்தது.

கேள்வி: போலந்தில் கம்யூனிஸ்ட் அரசும் சாலிடாரிட்டி தொழிற்சங்கமும் நடத்திய பேச்சு மட்டும் எப்படிச் சீக்கிரம் முடிந்தது?

பதில்: அங்கே 1988 வேலைநிறுத்தங்கள் ஆட்சியைப் பேச வைத்தன. 1989 பிப்ரவரி 6 முதல் ஏப்ரல் 5 வரை பேசி, ஜூனில் தேர்தல். பேசியது காகிதத்தில் வந்தது, அதில் தேதியும் இருந்தது. மியான்மரின் அன்றைய தலைநகர் யாங்கூனில் இரண்டுமே இல்லை.

கேள்வி: 2011இல் ராணுவம் இறங்கி வந்ததற்குப் பொருளாதாரத் தடைதானே காரணம்?

பதில்: தடையும் ஒரு காரணம், சீனாவையே நம்பியிருக்க வேண்டியிருந்த கவலையும் ஒரு காரணம். ஆனால் என் பார்வையில் பெரிய காரணம் 2008 அரசியல் சட்டம். நர்கிஸ் புயல் அடித்த அதே மாதத்தில் வாக்கெடுப்பு நடத்தி நிறைவேற்றினார்கள், அதை நினைத்தால் இன்னும் கோபம் வருகிறது. நாடாளுமன்றத்தில் 25 சதவீதம் ராணுவத்துக்கு, சட்டத்தைத் திருத்த 75 சதவீதத்துக்கு மேல் ஆதரவு வேண்டும், பாதுகாப்பு, உள்துறை, எல்லை விவகாரம் மூன்றுக்கும் தளபதி கை காட்டுபவரே அமைச்சர், பழைய ஆட்சியாளர்கள் மேல் வழக்கும் கிடையாது. தண்டனை பயம் தீர்ந்த பிறகுதான் அதிபர் தெய்ன் செய்ன் 2011 ஆகஸ்டில் சூச்சியை அழைத்துப் பேசினார்.

கேள்வி: அதை ஒப்புக்கொண்டு சூச்சி தேர்தலில் நின்றது தப்பா?

பதில்: நின்றது தப்பில்லை. 2012 இடைத்தேர்தலில் 45இல் 43, பிறகு 2015 வெற்றி, இதெல்லாம் அந்த வழியாக வந்ததுதான். ஆனால் 2020 மார்ச்சில் ராணுவ இடங்களைக் குறைக்கும் திருத்தங்களை அதே 25 சதவீதம் தோற்கடித்தது, 2021 பிப்ரவரி 1 அன்று ராணுவம் ஆட்சியையே பிடுங்கிக்கொண்டது. ரோஹிங்கியா விஷயத்தில் அவர் 2019இல் திஹேக்கில் உள்ள சர்வதேச நீதிமன்றத்துக்குப் போய் ராணுவத்தின் செயலுக்கு வாதாடியதை என்னால் ஏற்கவே முடியாது.

கேள்வி: சிறுபான்மை இனத்தவர் இந்தப் பேச்சில் எங்கே?

பதில்: நல்ல கேள்வி, பலரும் கேட்காத கேள்வி. ராணுவம், ஜனநாயகக் கட்சி, இனக்குழுக்கள் என மூன்று தரப்பும் உட்கார வேண்டும் என்று 1990களிலிருந்தே ஐ.நா.வில் பேசப்பட்டது. 2000 பேச்சில் அவர்களுக்கு நாற்காலியே போடவில்லை. 2011லும் பாருங்கள், ஜூனில் கச்சின் பகுதியில் 17 ஆண்டுப் போர்நிறுத்தம் முறிந்து ஊர் ஊராக மக்கள் ஓடிக்கொண்டிருந்தார்கள், ஆகஸ்டில் தெய்ன் செய்னும் சூச்சியும் புதிய தலைநகர் நேபிடாவில் படம் எடுத்துக்கொண்டார்கள்.